சொல்லக் கேட்கும் உள்ளம்

(பங்கின் பொன்விழாவுக்கு ஆயத்தமாக நடந்த மூன்று நாள் கூட்டத்தில், முதல் நாள் மாலை விழாக் குழுவின் சார்பில் ஆற்றிய சொற்பொழிவு)

 

"விவேகமும் மதியீனமும்" என்பது இன்று மாலை நமக்குத் தரப்பட்ட பொருள். மூடன் என்ற சொல்லைக் கேட்டவுடன் யார் யார் முகமோ நம் கண்முன் வரும். நம்முடைய முகம் மட்டும் வராது. பூசையில் நல்ல பிரசங்கம் ஒன்றைக் கேட்டால், "இதைக் கேட்க இன்னார் இன்று வரவில்லையே!" என்று அங்கலாய்ப்பது நம் வழக்கம் அல்லவா? ஆகையால் தொடக்கத்திலேயே ஒரு வேண்டுகோள். இன்று சிறிது நேரம் அடுத்தவரை மறந்துவிடுவோம். வேதாகமம் காட்டும் கண்ணாடியில் நம் முகத்தையே பார்ப்போம்.

யார் ஞானி? யார் மூடன்?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். வேதாகமம் மூடன் என்று சொல்வது படிக்காதவனை அன்று. மந்த புத்தியுள்ளவனையும் அன்று. எபிரேய மொழியில் ஞானத்தைக் குறிக்கும் சொல் ஹொக்மா. யாத்திராகமத்தில் இந்தச் சொல் யாரைப் பற்றிச் சொல்லப்படுகிறது தெரியுமா? பாலைவனத்தில் ஆண்டவரின் கூடாரத்தை அமைத்த கைவினைஞர்களைப் பற்றி! பெசலேல் என்பவன் பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்தான், கல்லை இழைத்தான், மரத்தைச் செதுக்கினான். அவனை இறைவன் ஞானத்தால் நிரப்பினார் என்று அந்த ஆகமம் கூறுகிறது. ஆட்டு மயிரை நூலாக நூற்ற பெண்களும் அங்கே ஞானமுள்ளவர்கள் என்று போற்றப்படுகிறார்கள். ஆகவே கொத்தனாரின் ரசமட்டத்திலும், தச்சரின் உளியிலும், அடுப்படியில் கையளவிலேயே உப்பு அறிந்து போடும் தாயின் விரல்களிலும் ஞானம் குடியிருக்கலாம். எழுத்து வாசனை அறியாத பாட்டி ஞானியாக இருக்கலாம். பட்டம் பல பெற்றவர் மூடராக இருக்கலாம்.

அப்படியானால் மூடன் யார்? இன்று நாம் நீதிமொழிகள் என்று வாசிக்கும் பழமொழி ஆகமத்தை எடுத்துக்கொள்வோம். 31 அதிகாரங்கள் கொண்ட நூல் அது. அதில் மூடனுக்குப் பல அடையாளங்கள் தரப்பட்டுள்ளன. எதிரில் இருப்பவர் பேசி முடிக்குமுன் பதில் சொல்லத் தொடங்குகிறவனை அந்நூல் மூடன் என்கிறது. தன் வழியே சரி என்று எண்ணுகிறவனை மூடன் என்றும், பிறர் ஆலோசனைக்குச் செவி கொடுப்பவனை ஞானி என்றும் பிரிக்கிறது. விவேகிக்கு ஒரு கண்டிப்பே உறைக்கும். மூடனுக்கோ நூறு அடியும் உறைக்காது என்ற கருத்தும் அங்கே உண்டு. 27-ஆம் அதிகாரம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. தானியத்தோடு சேர்த்து மூடனை உரலில் போட்டு இடித்தாலும் அவனுடைய மடமை உமியைப்போல் பிரியாதாம்!

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எல்லாம் காதிலே வந்து நிற்கின்றன. சொல்லக் கேளாதவனே மூடன். சொல்லக் கேட்பவனே ஞானி. சாலமோன் அரசன் இளமையில் கிபயோனில் கனவு கண்டபோது, "உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றார் ஆண்டவர். அவன் நீண்ட ஆயுளைக் கேட்கவில்லை, செல்வத்தைக் கேட்கவில்லை, பகைவரின் உயிரையும் கேட்கவில்லை. அவன் கேட்டதை மூல மொழியின்படி சொன்னால், செவிமடுக்கும் உள்ளம்! அரசனாய் இருப்பவனுக்கு முதலாவது வேண்டியது, பிறர் சொல்வதைக் கேட்கும் உள்ளம் என்று அந்த இளைஞன் அறிந்திருந்தான்.

நாபால் வீட்டு விருந்து

இதை ஒரு குடும்பக் கதையாகவே சாமுவேல் முதல் ஆகமத்தின் 25-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். எபிரோனுக்குத் தெற்கே, யூதேயாவின் மேட்டு நிலத்தில் மாவோன் என்னும் ஊர். அதன் அருகே கார்மேல் என்னும் ஊர். இது எலியாஸ் தீர்க்கதரிசியின் கார்மேல் மலை அன்று. அது வடக்கே இருக்கிறது. இந்தக் கார்மேலில் நாபால் என்ற பெருஞ்செல்வன் ஆட்டு மயிர் கத்தரிப்பு விழா நடத்தினான். அவனுக்கு 3,000 செம்மறியாடுகளும் 1,000 வெள்ளாடுகளும் இருந்தன. நாபால் என்ற பெயருக்கே எபிரேய மொழியில் மூடன் என்று பொருள். அவன் மனைவி அபிகாயில். அழகும் அறிவும் நிறைந்தவள்.

அந்நாளில் தாவீது சவுல் அரசனுக்குத் தப்பி, 600 பேரோடு அந்த வனாந்தரத்தில் திரிந்துகொண்டிருந்தார். அவருடைய ஆட்கள் நாபாலின் மந்தைக்கு இரவும் பகலும் மதிலைப்போல் காவலாய் நின்றார்கள். ஓர் ஆடுகூடக் காணாமற்போகவில்லை. விழா நாள் வந்ததும் தாவீது பத்து இளைஞரை அனுப்பி, மரியாதையாக வாழ்த்துச் சொல்லி, கையில் இருப்பதைக் கொடுத்து உதவும்படி கேட்டார். நாபாலோ, தாவீது யார் என்றே தனக்குத் தெரியாது என்றும், எசமானை விட்டு ஓடிப்போகும் வேலைக்காரர் இந்நாளில் மலிந்துவிட்டார்கள் என்றும் இழிவாகப் பேசி விரட்டினான்.

தாவீதுக்குச் சினம் பொங்கியது. 200 பேரைச் சாமான்களுக்குக் காவல் வைத்துவிட்டு, 400 பேரோடு வாளைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். பொழுது விடிவதற்குள் நாபால் வீட்டில் ஓர் ஆண்மகனையும் உயிரோடு விடுவதில்லை என்று சபதமும் செய்தார். ஒருவன் பேசிய ஒரு சொல்லுக்காக, ஒன்றும் அறியாத எத்தனையோ வேலைக்காரர்களின் தலை உருள இருந்தது.

இந்த இடத்தில் ஒரு வேலைக்காரன் வருகிறான். வேதாகமம் அவன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அவன் எசமானிடம் போகாமல், எசமானியிடம் ஓடி நடந்ததைச் சொல்கிறான். ஏன் எசமானிடம் போகவில்லை? அதற்கும் அவனே காரணம் சொல்கிறான்: நம் எசமானிடம் யாரும் பேச முடியாது என்று. அன்பர்களே, வேதாகமம் மூடனுக்குக் கொடுக்கும் இலக்கணம் இதுதான். யாரும் பேச முடியாதவன்! 3,000 ஆடுகள் இருந்தன. அந்த வீட்டின் மேல் 400 வாள்கள் வந்துகொண்டிருக்கின்றன என்று அவனிடம் சொல்ல ஓர் ஆள் இல்லை.

அபிகாயில் என்ன செய்தாள்? வேலைக்காரன் பேச்சுத்தானே என்று தள்ளவில்லை. கேட்டாள்; கேட்டதும் விரைந்தாள். 200 அப்பம், இரண்டு தோற்பை திராட்சை இரசம், சமைத்த ஐந்து ஆடு, வறுத்த தானியம், 100 வற்றல் திராட்சைக் குலை, 200 அத்திப்பழ அடை ஆகியவற்றைக் கழுதைகள்மேல் ஏற்றினாள். மலைச் சரிவில் தாவீதை எதிர்கொண்டு, அவர் காலில் விழுந்து, பழி தன்மேல் இருக்கட்டும் என்றாள். நாளைக்கு நீர் அரசராகும்போது, காரணமின்றி இரத்தம் சிந்தினோமே என்ற உறுத்தல் உமக்கு வேண்டாம் என்று எடுத்துரைத்தாள்.

இனிதான் நாம் கவனிக்க வேண்டிய கட்டம். 400 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சபதம் செய்தவர் தாவீது. ஒரு பெண்ணின் சொல்லுக்காக வாளை உறையில் போட்டால் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? நாமாயிருந்தால் அதைத்தான் யோசித்திருப்போம். தாவீது அதை யோசிக்கவில்லை. அவளை அனுப்பிய ஆண்டவருக்கும் நன்றி கூறினார், தம்மை இரத்தப்பழியிலிருந்து தடுத்த அவளுடைய விவேகத்தையும் வாழ்த்தினார், திரும்பிப் போனார். சற்று முன்வரை தாவீதும் மூடனின் பாதையில்தான் நடந்துகொண்டிருந்தார். சொன்னதைக் கேட்டார், அதனால் ஞானியானார்.

அபிகாயில் வீடு திரும்பியபோது நாபால் அரச விருந்து நடத்திக் குடிவெறியில் இருந்தான். விடியும்வரை அவள் வாய் திறக்கவில்லை. எப்போது பேசவேண்டும் என்பதும் ஞானத்தின் ஒரு பகுதி அல்லவா? காலையில் வெறி தெளிந்தபின் சொன்னாள். கேட்டதும் அவன் நெஞ்சு செத்துக் கல்லாய்ப்போனான். ஏறக்குறைய பத்து நாட்களில் இறந்தும்போனான்.

நம் வீட்டிலும் கோவிலிலும்

நாபாலைப் பார்த்துச் சிரிப்பது எளிது. அன்பர்களே, விழாக் குழுவில் இருந்த நாங்களே நாபாலாக நடந்த ஒரு நாளை உங்கள்முன் ஒப்புக்கொள்ள விரும்புகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் திருவிழாவுக்குப் பந்தல் போட்டு, வழக்கத்தைவிட அதிகமாகச் சர விளக்குகள் கட்டினோம். நம் பங்கைச் சேர்ந்த ஒரு தம்பி, வயரிங் வேலை செய்பவர், பார்த்துவிட்டு, "ஐயா, இந்த ஒயர் இத்தனை விளக்கைத் தாங்காது. தனி லைன் இழுத்துவிடலாம்" என்றார். நேரம் இல்லை என்ற அவசரம். நமக்குத் தெரியாததா என்ற அகந்தை. "தம்பி, இது பெரியவர்கள் பார்த்துச் செய்த ஏற்பாடு. நீர் போய்ச் சப்பரம் தூக்குகிற வேலையைப் பாரும்" என்று பத்துப் பேர் நடுவில் சொல்லி அனுப்பினோம். அன்று இரவு ஜெபமாலை நடந்துகொண்டிருக்கும்போதே ஒயர் உருகிப் பந்தல் துணியில் தீப் பிடித்தது. ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தவர் அதே தம்பிதான். ஆண்டவர் கிருபையால் ஒருவருக்கும் காயம் இல்லை. ஆனால் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்க எங்களுக்கு மூன்று மாதம் பிடித்தது. பெசலேலுக்குக் கொடுத்த ஞானத்தை ஆண்டவர் அந்தத் தம்பியின் கைகளுக்கும் கொடுத்திருந்தார். எங்கள் செவிதான் திறக்கவில்லை.

வீடுகளிலும் இதுவே நடக்கிறது. நண்பருக்காக ஜாமீன் கையெழுத்துப் போடப் போகிறோம். "கொஞ்சம் யோசித்துச் செய்யுங்களேன்" என்கிறாள் மனைவி. "உனக்கென்ன தெரியும்?" என்று ஒரே சொல்லில் வாயை அடைத்துவிடுகிறோம். ஊர் மெச்சக் கலியாணம் செய்ய வட்டிக்கு வாங்குகிறோம். "அப்பா, இவ்வளவு வேண்டாம்" என்கிறாள் மகள். பெண்பிள்ளை பேசலாமா என்று அதட்டுகிறோம். "குடியை விட்டுவிடுங்கள், மாமா" என்று மருமகன் தயங்கித் தயங்கிச் சொல்கிறார். அன்றிலிருந்து அவரோடு பேச்சு இல்லை. பழமொழி ஆகமத்தின் 6-ஆம் அதிகாரம் ஜாமீனைப் பற்றியே பேசுகிறது. பிறனுக்காகக் கையடித்துக் கொடுத்து அகப்பட்டுக்கொண்டாயா, தூங்காதே, வெட்கம் பாராமல் உடனே போய்க் கெஞ்சித் தப்பித்துக்கொள் என்பது அதன் அறிவுரை. வேதாகம ஞானம் இவ்வளவு நாட்டு நடப்பு அறிந்தது! நாம்தான் அதைப் பீடத்தில் வைத்துத் தூபம் காட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பழையபடி நடக்கிறோம்.

யாருடைய சொல்லைக் கேட்பது?

"எல்லாருடைய சொல்லையும் கேட்டால் குடும்பம் நடத்த முடியுமா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சாலமோனின் மகன் ரொபோவாம் ஆலோசனை கேட்டவன்தான். கி.மு. 930 அளவில் சிக்கேமில் மக்கள் கூடி, உம் தந்தை சுமத்திய நுகத்தை இலேசாக்கும் என்று மன்றாடினார்கள். அவன் மூன்று நாள் தவணை கேட்டான். முதியோர், மக்களிடம் இனிமையாகப் பேசும்படி சொன்னார்கள். அவனோடு வளர்ந்த வாலிபரோ, இன்னும் கடுமையாக மிரட்டும்படி சொன்னார்கள். அவன் தனக்கு இனித்ததைக் கேட்டான். பத்துக் கோத்திரங்கள் பிரிந்துபோயின. தாவீது கட்டிய அரசு இரண்டாகப் பிளந்தது. நமக்குப் பிடித்ததைச் சொல்பவரை மட்டும் கூப்பிட்டுக் கேட்பது, நம் குரலையே மறுபடி கேட்பதாகும். நமக்கு வலிக்கிற சொல்லையும், நம்மைவிடச் சிறியவர் சொல்லையும் கேட்கிறோமா என்பதுதான் சோதனை.

நம் ஆண்டவர் சொன்ன அறிவற்ற செல்வனின் உவமையும் இதையே காட்டுகிறது. லூக்காஸ் சுவிசேஷம் 12-ஆம் அதிகாரத்தில் அந்த உவமை எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். சொத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று கூட்டத்தில் ஒருவன் இயேசுவிடம் கேட்டான். அண்ணன் தம்பி வழக்கு! அதற்குப் பதிலாகத்தான் ஆண்டவர் இந்தக் கதையைச் சொன்னார். அந்தச் செல்வனுக்கு நிலம் நன்றாய் விளைந்தது. அது பாவம் அன்று. களஞ்சியம் கட்ட நினைத்ததும் குற்றம் அன்று. ஆனால் கதை முழுவதும் அவன் யாரோடு பேசுகிறான்? தன்னோடு மட்டுமே. என்ன செய்வேன் என்று தன்னையே கேட்கிறான்; பதிலையும் தானே சொல்லிக்கொள்கிறான். மனைவி, மக்கள், அயலார், ஆண்டவர் ஒருவரோடும் ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் அந்த இரவிலேயே ஆண்டவர் பேசுகிறார். அவர் அவனை அழைத்த பெயர், அறிவிலி!

கேட்பதோடும் முடியவில்லை. மத்தேயு 7-ஆம் அதிகாரத்தில் பாறைமேல் கட்டியவனும் மணல்மேல் கட்டியவனும் இருவருமே வார்த்தையைக் கேட்டவர்கள்தான். ஒருவன் கேட்டபடி செய்தான், மற்றவன் செய்யவில்லை. மழையும் வெள்ளமும் வந்த நாளில்தான் வேறுபாடு தெரிந்தது. ஞாயிறு தவறாமல் பூசை காணும் நமக்கு இது பெரிய எச்சரிக்கை அல்லவா?

சிலுவையின் மடமை

இனி ஒன்று பாக்கி இருக்கிறது. விட்டுக்கொடுப்பவனை உலகம் என்ன சொல்கிறது? "ஏமாளி" என்கிறது. முதலில் போய்ப் பேசுகிறவனை "மானங்கெட்டவன்" என்கிறது. புனித சின்னப்பர் இதை அறிந்திருந்தார். கொரிந்து நகரச் சபையில் பிளவு இருந்தது. நான் சின்னப்பர் கட்சி, நான் அப்பொல்லோ கட்சி, நான் கேபா கட்சி என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். குலோவே என்னும் பெண்ணின் வீட்டார் வந்து சொன்னதைக் கேட்டுத்தான் அப்போஸ்தலர் தம் முதல் நிருபத்தில் இந்தச் சண்டையைக் கண்டிக்கிறார். அவரும் சொல்லக் கேட்டவரே. அந்தக் கட்சிச் சண்டைக்கு அவர் தந்த மருந்து என்ன? சிலுவை. சிலுவையில் தொங்கும் மீட்பர் யூதருக்கு இடறலாகவும் புறவினத்தாருக்கு மடமையாகவும் தோன்றினார். அழைக்கப்பட்ட நமக்கோ அவரே கடவுளின் ஞானம் என்று எழுதினார். ஆகவே சமாதானத்துக்காகத் தாழ்ந்து போய் உலகின் வாயால் மூடன் என்று பெயர் வாங்கினாலும், கிறிஸ்தவனுக்கு அது அவமானம் ஆகாது. யாகப்பர் தம் நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தில் விண்ணிலிருந்து வரும் ஞானத்தின் குணங்களை அடுக்குகிறார். சமாதானத்தை நாடுவதும், நல்ல சொல்லுக்கு எளிதில் இணங்குவதும் அவற்றில் உண்டு.

பொன்விழா எக்காளம்

அன்புள்ள பங்கு மக்களே, ஜூபிலி என்ற சொல் யோபேல் என்னும் எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது. ஆட்டுக்கடாவின் கொம்பையும் அதைக் கொண்டு ஊதும் எக்காளத்தையும் அது குறிக்கும். லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தின்படி 50-ஆம் ஆண்டில், பாவப் பரிகார நாளில், நாடெங்கும் எக்காளம் ஊத வேண்டும். அடிமை விடுதலை பெற வேண்டும். விற்ற நிலம் உரியவனுக்குத் திரும்ப வேண்டும். அவனவன் தன் குடும்பத்தாரிடம் திரும்பிப் போக வேண்டும். ஜூபிலி ஆண்டு எக்காள ஒலியோடு தொடங்குகிறது. அந்த ஒலி, கேட்கிறவனுக்கு மட்டுமே பயன் தரும்.

நம் கோவிலுக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. கோபுரத்தில் விளக்கு ஏறிவிட்டது. இந்த முறை தனி லைன் இழுத்தே விளக்குக் கட்டியிருக்கிறோம்! ஆனால் நம் பங்கில் ஒரே வரப்புக்காகப் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பியர் இருக்கிறார்கள். ஒரே பெஞ்சில் அமர்ந்தாலும் முகம் பாராத சம்பந்திகள் இருக்கிறார்கள். ஒரே பந்தியில் நன்மை வாங்கிவிட்டு, வாசலில் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போகிறார்கள். இது நமக்குத் தெரியாதது அன்று.

மலைப் பிரசங்கத்தில், சகோதரனை மூடனே என்று வைபவன் எரிநரகத்துக்கு உள்ளாவான் என்று இயேசு எச்சரிக்கிறார். அதற்கு அடுத்து அவர் சொன்னது என்ன? காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானம் செய்துகொண்டு வா என்கிறார். பிறனை மூடன் என்று சொல்லும் வாயும், காணிக்கை ஏந்தும் கையும் ஒரே ஆளுடையதாக இருக்கக்கூடாது என்பது அவர் கருத்து.

ஆகையால், பொன்விழாப் பூசைக்கு முன் நாம் ஒவ்வொருவரும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வோம். "என்னிடம் பேச முடியாமல் இருப்பவர் யார்?" மனைவியா, மகனா, தம்பியா, வேலையாளா? பயத்தால் ஒதுங்கி இருப்பவரா, மனக்கசப்பால் விலகி இருப்பவரா? அந்த ஒருவரிடம் நாமே போவோம். அறிவுரை சொல்லப் போக வேண்டாம். நம் நியாயத்தை விளக்கவும் வேண்டாம். "சொல்லுங்கள், கேட்கிறேன்" என்று மட்டும் சொல்லி அமர்வோம். அவர் பேசி முடியும்வரை குறுக்கே பேசாதிருப்போம். சற்றுக் கடினம்தான், அபிகாயிலின் சொல்லைக் கேட்டு 400 பேருக்கு முன் வாளை உறையில் போட்ட தாவீதை நினைத்துக்கொள்வோம்.

அப்படி ஒரே ஒரு வீட்டுக் கதவு திறந்தாலும் இந்தப் பொன்விழா வீணாகாது. சாலமோன் கேட்ட அந்த வரத்தையே நாமும் கேட்போம். ஆண்டவரே, சொல்லக் கேட்கும் உள்ளத்தை எங்களுக்குத் தந்தருளும். ஞானத்தின் இருப்பிடமாகிய மரியாயே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

 இயேசுவுக்கே புகழ்! மரியாயே வாழ்க!